வெயிலில் நில், விமானத்தைப் பிடி

ஒரு போர் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது நொடிக்கு 222 மீட்டர். நீ ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் மாட்டி நிற்கிறாய். விமானம் அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கடக்கிறது. அந்தத் தொலைவில் உன் லென்ஸுக்குள் அடங்கும் வானத்தின் அகலம் 45 மீட்டர்தான். கேமராவை அசைக்காமல் பிடித்திருந்தால், விமானம் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற 0.2 நொடி போதும். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அமுக்கவும் ஏறக்குறைய அதே 0.2 நொடி ஆகும்.

பார்த்த பிறகு அமுக்கலாம் என்று நிற்பவனுக்கு வெறும் நீல வானம்தான் கிடைக்கும். கணக்கு அவ்வளவு கறாரானது.

இதைக் கேட்டதும் "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று கேமராவைப் பைக்குள் வைத்துவிடாதே, தம்பி! நீயும்தான், தங்கச்சி! நீ பார்த்த பிறகு அமுக்கப் போவதில்லை. விமானம் உன் எதிரே வருவதற்கு முன்பே உன் இடுப்பு திரும்பத் தொடங்கியிருக்கும். லென்ஸ் அதனோடு கூடவே ஓடும். விரல் பாதி அமுங்கிக் காத்திருக்கும். நீ கூடவே திரும்பினால், நொடிக்கு 222 மீட்டர் போகிற அந்த இரும்புப் பறவை உன் வியூஃபைண்டருக்குள் அசையாமல் நிற்கும். 0.2 நொடி என்ற வேலி அங்கேயே உடைந்து விழும். இதற்குப் பிறவி மேதையாக இருக்க வேண்டியதில்லை. கால் ஊன்றி நிற்கத் தெரிந்தால் போதும், மீதியைக் கற்றுக்கொள்ளலாம்.

உனக்கு ஒருவரைக் காட்டுகிறேன். 1903 டிசம்பர் 17, அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில் கில் டெவில் ஹில்ஸ் என்ற இடம். ரைட் சகோதரர்கள் தங்கள் இயந்திரத்தைப் பறக்கவிடத் தயாராகிறார்கள். கப்பல் விபத்துகளில் சிக்கியவர்களை மீட்கும் நிலையத்திலிருந்து சிலர் உதவிக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜான் டேனியல்ஸ். கேமரா அவருக்குப் பழக்கமே இல்லாத பொருள். ஆர்வில் ரைட் முக்காலியில் கேமராவை நிறுத்தி, விமானம் தண்டவாளத்தை விட்டு மேலெழும் என்று தான் கணித்த இடத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். "அந்த இடத்துக்கு வந்ததும் இந்த ரப்பர் குமிழை அமுக்கு" என்பதுதான் டேனியல்ஸுக்குக் கொடுத்த வேலை.

விமானம் எழுந்தது. 12 நொடி, 120 அடி. டேனியல்ஸுக்கு ஏற்பட்ட பரபரப்பில், குமிழை அமுக்கினோமா இல்லையா என்பதே நினைவில்லை. சகோதரர்கள் ஊர் திரும்பி, டேட்டனில் அந்தக் கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தார்கள். தரையை விட்டு எழுந்த விமானம், அதில் குப்புறப் படுத்திருக்கும் ஆர்வில், பக்கத்தில் ஓடிவந்து திகைத்து நிற்கும் வில்பர், எல்லாம் அப்படியே பதிந்திருந்தது. விமான வரலாற்றில் அதைவிடப் புகழ்பெற்ற புகைப்படம் எது? அதை எடுத்தவர் கேமரா பழகாத ஒரு கடலோர மனிதர்! (அன்றே காற்று அந்த விமானத்தைப் புரட்டிப் போட்டபோது அதில் சிக்கி உருண்டு காயம்பட்டவரும் இதே டேனியல்ஸ்தான்.)

"என்னிடம் அனுபவம் இல்லை" என்று இனி யாரிடம் சொல்வாய்? டேனியல்ஸிடமும் இல்லை. ஆனால் அங்கே இரண்டு இருந்தன. எந்த இடத்தில் எழும் என்று முன்கூட்டியே யோசித்த மூளை ஒன்று. அந்தக் கணத்தில் பயந்து ஒதுங்காத கை ஒன்று. உன்னிடம் இரண்டும் இருக்கின்றன. தனித்தனி ஆள்கூட வேண்டாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2024 அக்டோபர் 6, மெரினா. இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டையொட்டி நடந்த சாகச நிகழ்ச்சியில் 72 விமானங்கள். ரஃபேல், சுகோய், தேஜஸ், பழைய டகோட்டா, ஹார்வர்ட், சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் ஹெலிகாப்டர்கள், சூரியகிரண் சாகச அணி. மணலில் லட்சக்கணக்கான மக்கள். எத்தனை ஆயிரம் கைகளில் கேமரா! எத்தனை ஆயிரம் கைகளில் செல்போன்! ஆனால் பெரும்பாலான படங்களில் ஒரு கறுப்புப் புள்ளியும் வெளுத்த வானமும்தான் மிஞ்சியிருக்கும். காரணம் கேமராவின் விலை இல்லை. நிகழ்ச்சி காலை 11 மணி முதல் 1 மணி வரை. சூரியன் எங்கே நிற்கும் என்று நினைத்துப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு.

நினைத்துப் பார். மெரினாவில் கடலைப் பார்த்து நின்றால் உன் முகம் கிழக்கே, இடது கை வடக்கே, வலது கை தெற்கே. அக்டோபர் தொடக்கத்தில் 11 மணிக்குச் சூரியன் தென்கிழக்கில் மிக உயரத்தில் நிற்கும். ஆகவே உன் வலப்பக்கம் பறக்கும் விமானம் வெயிலுக்கு முன்னே வந்து கறுத்துப்போகும். இடப்பக்கம், துறைமுகத்தின் மேலாக வருகிற அதே விமானம் வெயிலில் குளித்து மின்னும். நீ வடக்கே திரும்பி நின்றால் சூரியன் உன் முதுகுப்பக்கம். வானமும் அங்கே ஆழ்ந்த நீலமாக இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லை. உடம்பைத் திருப்பி நின்றதற்கே பாதி வெற்றி.

மீதியும் சொல்கிறேன். உச்சி வெயில் விமானத்தின் முதுகில் விழுகிறது. வயிறு நிழலில் கிடக்கிறது. தலைக்கு மேல் நேராகப் போகும்போது எடுத்தால் உனக்கு நிழல் வயிறுதான். கடலின் மேல் வளைந்து கரையை நோக்கித் திரும்புகையில் பாதி சாய்ந்து முதுகைக் காட்டும் பார், அதுதான் கணம்! காக்பிட் கண்ணாடி பளிச்சிடும். கடற்காற்றின் ஈரத்தில் இறுக்கித் திரும்பினால் இறக்கையின் மேல் வெள்ளை நீராவி பொங்கும். அந்தத் திருப்பம் எங்கே வரும் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். முதல் சுற்றை வெறும் கண்ணால் பார். இரண்டாவது சுற்றில் அந்த இடத்துக்கு முன்பே போய் உன் லென்ஸ் காத்திருக்கட்டும்.

சத்தத்தை நம்பாதே. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் ஜெட்டின் இரைச்சல் உன் காதுக்கு வர மூன்று நொடி ஆகும். அதற்குள் விமானம் 650 மீட்டருக்கு மேல் தாண்டியிருக்கும். கூட்டமே இரைச்சல் வந்த பக்கம் திரும்பும்போது நீ மட்டும் முன்னே பார். உயரே போன பந்தைப் பிடிக்க ஓடும் ஃபீல்டர், பந்து விழப்போகும் இடத்துக்குத்தானே ஓடுகிறான்!

"செட்டிங் எல்லாம் எனக்குப் புரியாது" என்பது அடுத்த சாக்கு. அதையும் இப்போதே தீர்த்துக்கொள்வோம். நல்ல வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 16 வைத்து, ஐஎஸ்ஓ எண் எவ்வளவோ ஷட்டரை அந்த எண்ணின் பங்காக வை என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் விதி. ஐஎஸ்ஓ 400 என்றால் ஷட்டர் 1/400. அப்பர்ச்சரை எஃப் 8-க்குத் திறந்தால் ஷட்டர் 1/1600. ஜெட் விமானத்துக்கு வேண்டியது அதுதான்! லைட் மீட்டர் உன் தலைக்குள்ளேயே இருக்கிறது. நிழலில் கிடக்கும் வயிறும் தெரிய வேண்டுமென்றால் எஃப் 5.6. அவ்வளவுதான்.

இதை மேனுவலில் வைத்துப் பூட்டு. ஏன் என்று கேள். ஆட்டோவில் விட்டால் கேமரா பின்னணியைப் பார்த்து ஏமாறும். வெள்ளை மேகம் வந்தால் "அடேயப்பா, வெளிச்சம்" என்று விமானத்தைக் கறுப்பாக்கும். கருநீலக் கடல் வந்தால் வெளுக்க வைக்கும். ஆனால் விமானத்தின் மேல் விழும் வெயில் மாறவே இல்லையே! மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நில். மேகம் சூரியனை மறைத்தால் மட்டும் மாற்று. ஆட்டோவில்தான் எடுப்பேன் என்றால், வெளுத்த வானத்துக்கு எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வை. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும். கேனானில் அது ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. அமுக்கிப் பிடித்தால் தொடர்ந்து படமெடுக்கும் பர்ஸ்ட்டைத் திறந்து விடு. 1882-லேயே எத்தியென் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்து, நொடிக்கு 12 படம் வீதம் பறவை பறப்பதைப் பதிவுசெய்தார். அவர் தன் கையால் கட்டிய வசதி இன்று உன் பையில் தூங்குகிறது. எழுப்பு!

கருவி இல்லையே என்று ஏங்குகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய லென்ஸை நாள் வாடகைக்குத் தருகிற கடைகள் பெருநகரங்களில் இருக்கின்றன. நண்பனிடம் சாதாரண 70-300 இருந்தால் அதுவும் போதும். செல்போன்தான் இருக்கிறதா? தேஜஸின் மூக்கைப் பிடிக்க ஆசைப்படாதே. சூரியகிரணின் ஒன்பது விமானங்களும் புகைக்கோடு இழுத்து வானத்தையே நிரப்பும்போது, கீழே கலங்கரை விளக்கமும் மக்கள் கடலும் சேர்ந்து வரும்படி அகலமாக எடு. 600 மி.மீ. லென்ஸ்காரனால் அந்தப் படத்தை எடுக்கவே முடியாது. உன் கையில் இருப்பதற்கு என்ன பலமோ அந்தப் பலத்தில் நின்று அடி.

இனி பயிற்சி. நான் மிகவும் நம்புவது இதைத்தான்; இங்கேதான் உன் தன்னம்பிக்கை வாய்ச்சொல்லிலிருந்து கைக்கு இறங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு பேருந்தை, சாலையிலிருந்து ஏறக்குறைய 38 மீட்டர் தள்ளி நின்று பின்தொடர்ந்து பார். உன் கேமரா திரும்ப வேண்டிய வேகம், அரைக் கிலோமீட்டர் தள்ளி 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் போர் விமானத்துக்குத் திரும்ப வேண்டிய அதே வேகம்! கணக்குப் போட்டுப் பார், ஏறக்குறைய அதேதான். ரஃபேல் உன் ஊருக்கு வரும்வரை நீ காத்திருக்க வேண்டாம். அரசுப் பேருந்து ஒவ்வொரு நாளும் உன் ஊர் வழியாக, அதே வேகப் பாடத்தைச் சுமந்துகொண்டு போகிறது.

நிற்கும் முறையைக் கவனி. கால்களைத் தோள் அகலத்துக்கு விரி. பேருந்து நேரெதிரே வரும் இடத்தைப் பார்த்தபடி பாதங்களை ஊன்று. பிறகு இடுப்புக்கு மேலே மட்டும் அது வரும் திசைக்குத் திரும்பு. இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், முழங்கைகள் விலாவோடு ஒட்டி, கேமரா நெற்றியில் அழுந்தி இருக்க வேண்டும். அது வர வர இடுப்பு அவிழ்ந்து திரும்பட்டும். அமுக்கு. அமுக்கியதும் நிறுத்திவிடாதே, அது கடந்து போன பின்பும் இன்னும் கொஞ்சம் தொடர்ந்து திரும்பு. விரல் அமுக்கும் கணத்தில் உடம்பு உறைந்துபோவதுதான் தொடக்கக்காரர்களின் பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறது. பேருந்து கைக்குள் வந்ததும் மொட்டை மாடிக்குப் போ. பருந்து நிதானமான ஆசிரியர். காக்கை கொஞ்சம் கண்டிப்பானது. புறாக்கூட்டம் உன்னை அழவைக்கும். அதையும் பிடித்தால் சூரியகிரண் உனக்குப் பெரிதில்லை.

இப்போது கொஞ்சம் கடினமானதைக் கேள். வேகமான ஷட்டர் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. ஹெலிகாப்டரின் தலைக்கு மேலுள்ள இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று என்று வைத்துக்கொள். 1/1000 நொடியில் அது 2 டிகிரிகூட நகராது. படத்தில் இறக்கை உறைந்து, ஹெலிகாப்டர் வானத்தில் தொங்கவிட்ட பொம்மையாகத் தெரியும். 1/100-க்கு இறங்கினால் 18 டிகிரி சுழலும். சாரங்கின் மயில் வண்ணத்துக்கு மேல் உயிருள்ள சுழற்சி தெரியும். ஹார்வர்ட், டகோட்டா போன்ற புரொப்பெல்லர் விமானங்களுக்கு 1/200-ஐ ஒட்டி வை. உன் கை நடுங்கினால் 1/100 காட்டிக் கொடுத்துவிடும். ஆகவேதான் சொல்கிறேன்: 1/2000-இல் எல்லோரும் எடுப்பார்கள், 1/100-இல் நீ எடு. கஷ்டமான பக்கத்தில் கூட்டம் இருக்காது, அங்கே உனக்கு இடம் உண்டு.

வெயிலை மதி. அதை எதிர்த்து வீரம் காட்ட வேண்டாம். மெரினாவில் அன்றைய வெக்கையிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவர்கள். அதைச் சொல்லாமல் உன்னை வெயிலுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. தண்ணீர், தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல், கூட்டத்திலிருந்து வெளியேறும் வழி, இவை நான்கும் லென்ஸுக்கு முன்பே உன் பட்டியலில் இருக்க வேண்டும். தலை சுற்றினால் கேமராவை இறக்கு, நிழலுக்குப் போ. படம் இன்னொரு நாள் கிடைக்கும். பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவின் வியூஃபைண்டர் வழியே ஒருபோதும் சூரியனைப் பார்க்காதே, கண் போய்விடும். விமானம் சூரியனைக் கடக்கப் போகிறது என்றால் கண்ணை எடு. விமானப்படைத் தளங்களின் மதிலோரம் அனுமதியின்றி நின்று எடுக்காதே. மக்களுக்கென்று திறந்துவிடும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. மெரினா இருந்தது, பெங்களூரு எலகங்காவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏரோ இந்தியா இருக்கிறது. எலகங்காவுக்குப் போகிறவர்கள் காலை வெளிச்சத்தை விட்டுவிட வேண்டாம். நேரம் ஏற ஏற ஓடுபாதையின் மேல் கானல் நெளியும். எந்த விலை கொடுத்த லென்ஸும் கானலைத் துடைக்காது.

வெயிலில் கேமராத் திரை மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்து "எல்லாம் கறுப்பு, எல்லாம் போச்சு" என்று மனம் உடையாதே. படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார், அது வெயிலுக்கு மயங்காது. வலது ஓரத்தில் முட்டி நிற்கவில்லை என்றால் படம் பத்திரம். தொடர்ந்து எடு. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்து, மங்கலானவற்றை இரக்கமில்லாமல் அழி. இந்தத் துறையில் கைதேர்ந்தவர்களும் எடுத்ததில் பெரும்பகுதியை அழிக்கிறவர்கள்தான். அழிப்பதற்கு அஞ்சுகிறவன் அமுக்குவதற்கும் அஞ்சுவான்.

ஒரு நிகழ்ச்சி கைவிட்டுப் போனால் உலகம் முடிந்துவிடாது. நீ படம்பிடிக்க நினைக்கும் அந்தச் சூரியகிரண் அணியையே பார். 1996-இல் பீதரில் தொடங்கி, கிரண் விமானங்களில் பறந்து புகழின் உச்சிக்குப் போன அணி, பயிற்சிக்கு விமானங்கள் போதவில்லை என்று 2011-இல் நிறுத்தப்பட்டது. பறக்கத் தெரிந்த கைகளுக்கு விமானமே இல்லாத ஆண்டுகள் அவை. 2015-இல் ஹாக் விமானங்களில் மீண்டும் எழுந்தார்கள். முதலில் சில விமானங்கள், பிறகு படிப்படியாக ஒன்பது. ஒன்பதும் இறக்கையோடு இறக்கை நெருங்கி உன் தலைக்கு மேல் வருவதற்குப் பின்னால் அவ்வளவு காத்திருப்பு இருக்கிறது. உன் ஒரு நாள் ஏமாற்றம் எம்மாத்திரம்!

சூலூர்க்காரன் தேஜஸின் சத்தத்தோடு வளர்கிறான். தஞ்சாவூர்ப் பிள்ளைகள் சுகோயை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள். சென்னைவாசிகளின் தலைக்கு மேல் மீனம்பாக்கத்துக்கு விமானங்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கின்றன. விமானத்தை இவ்வளவு பார்த்த நம் பிள்ளைகளிடமிருந்து உலகம் திரும்பிப் பார்க்கும் விமானப் படங்கள் வரிசையாக வர வேண்டும். வரும். நீ தொடங்கினால் வரும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் புறப்படு. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள். பெரிய சாலையிலிருந்து 40 மீட்டர் தள்ளி, சூரியனுக்கு முதுகு காட்டி நில். ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/1600. முதல் பேருந்து வருகிறது, இடுப்பைத் திருப்பு!